படலையில் ஒரு பலகை: செயலற்றுப் போன திறந்த மூல மென்பொருளை என்ன செய்வது?

‘வௌிநாடு’. இந்தச் சொல்லில் ஒரு பிழை இருக்கிறது. அவசரமாக வாசிப்பவர் கண்ணில் படாது. இதையும் ‘வௌியீடு’, ‘வௌ்ளம்’ போன்ற இதன் சகோதரங்களையும் நம் ஊர் இணையத்தில் அடிக்கடி காணலாம். உற்றுப் பார்த்தால்தான் வகரத்தோடு ஔகாரக் குறி ஒட்டிக்கொண்டிருப்பதும், அதற்கு மேல் ஓர் இகரக் குறி வந்து ஏறியிருப்பதும் தெரியும். கணினிக்கு இது ‘வெளிநாடு’ இல்லை, வேறு ஏதோ. தேடினால் அகப்படாது.

இந்தப் பிழை பரவியதில் ஒரு சின்னப் பங்கு என்னுடையது. அந்தக் கதையைச் சொன்னால் இந்தக் கட்டுரையின் பாதி விளங்கிவிடும்.

யாழ்ப்பாணத்து அச்சகங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் நெடுங்காலம் ஆட்சி செய்தது பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பழைய ஏற்பாடு அது. பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். அப்படிக் கிடந்த பழைய கோப்புகளை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடுக்கு மாற்ற 2014 இல் பைத்தான் என்ற நிரல் மொழியில் ஒரு சிறிய மாற்றி எழுதினேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு நண்பரின் கடைக்காக எழுதியது. யாருக்காவது உதவட்டும் என்று, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பிலும் போட்டேன்.

பாமினியில் ‘கௌ’ என்று எழுத முதலில் கொம்பைத் தட்ட வேண்டும், பிறகு ககரம், பிறகு ளகரம். ‘வெளி’ என்று எழுதவும் முதலில் கொம்பு, பிறகு வகரம், பிறகு ளகரம், கடைசியில் இகரக் குறி. ஆக, கொம்பு, ஒரு மெய், ஒரு ளகரம் என்று வந்தால் அது ஔகாரமா, இல்லை உண்மையான ளகரமா என்று நிரல்தான் முடிவு செய்ய வேண்டும். என்னுடைய நிரல் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் ஔகாரமாக்கியது. வெளி, தெளிவு, வெள்ளம், எல்லாம் போச்சு.

2016 க்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. வேலை மாறியது, வீட்டில் பிள்ளை பிறந்தது, பாமினிக் கோப்புகளும் எனக்கு வருவது நின்றுவிட்டது. 2022 இல் வவுனியாவில் இருந்து ஓர் ஆசிரியையின் மின்னஞ்சல் வந்தது. “தம்பி, உங்கட மென்பொருளைப் பாவிச்சு எங்கட பாடசாலை மலர் 200 பக்கத்துக்கு மேல மாத்தினனான். இப்ப தேடிப் பார்த்தால் ஒரு ‘வெளி’யும் அம்பிடுதில்லை. இது உங்களுக்குத் தெரியுமோ?”

எனக்குத் தெரியாது. ஆனால் கிட்ஹப்புக்குத் தெரிந்திருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், 2018 இலேயே கனடாவில் இருந்து ஒருவர் இந்தப் பிழையைக் கண்டுபிடித்து, திருத்தி, ‘இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பியிருக்கிறார். நான்கு வருடமாக அது படலைக்கு வெளியே நின்றிருக்கிறது. பதில் வராததால் அவர் என் நிரலைப் பிரதி எடுத்து, தன் பெயரில் திருத்திய வடிவத்தை நடத்திக்கொண்டிருந்தார். ஆசிரியைக்கு அது தெரிய வழியில்லை. தேடுபொறியில் முதலில் வருவது பழையது, அதாவது என்னுடையது.

ஆசிரியை இரண்டு வார இறுதிகளை வீணாக்கினார். நிரலோடு வைக்கும் அறிமுகக் குறிப்பான ரீட்மீ கோப்பின் தலையில் நான் இரண்டு வரி எழுதியிருந்தால் அது நடந்திராது.

சரி, இப்போது முறையாகத் தொடங்குவோம்.

திறந்த மூல மென்பொருள் என்றால் நிரலை யாரும் பார்க்கலாம், பாவிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று உரிமம் கொடுத்து வெளியிடப்படும் மென்பொருள். நிரல் கிடக்கும் இடத்தை ரெப்போ என்பார்கள். களஞ்சியம் என்றும் சொல்லலாம். அதில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கொமிட். பிழை கண்டால் பதிவது இஷ்யூ. திருத்தத்தை எழுதி அனுப்புவது புல் ரிக்குவஸ்ட். உரிமையாளரிடம் கேளாமல் முழு நிரலையும் பிரதி எடுத்துத் தனியாக நடத்துவது ஃபோர்க். இதையெல்லாம் பார்த்து, சரி பிழை சொல்லி, புதிய பதிப்பு வெளியிடுபவர் பராமரிப்பாளர். பல வேளைகளில் அவர் ஒற்றை ஆள், சம்பளம் இல்லாத ஆள்.

அந்த ஒற்றை ஆள் நிறுத்திவிட்டால் மென்பொருள் செயலற்றுப் போகிறது. அவர் நிறுத்துவதில் ஒரு குற்றமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரிமங்கள் அனேகமாக எல்லாவற்றிலும் ‘உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இல்லை’ என்ற வாசகம் இருக்கும். இலவசமாகக் கொடுத்த மாம்பழத்துக்கு அடுத்த வருடமும் காய்க்க வேண்டும் என்று ஒருவரும் வழக்குப் போட முடியாது. சிக்கல், நிறுத்தியதைச் சொல்லாமல் விடுவதில்தான்.

சனிக்கிழமைகளில் சில மாணவர்களுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நாள் ஒரு மாணவி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். ஏதோ ஒரு தமிழ் உரைக் கருவி. கடைசிக் கொமிட் ஆறு வருடத்துக்கு முன்.

“அண்ணா, இது செத்துப்போச்சோ, இல்லாட்டி நித்திரையோ?”

நல்ல கேள்வி. திகதியை வைத்துப் பதில் சொல்ல முடியாது. நான் அவளை வாசலுக்குக் கூட்டிப்போய் எங்கள் ஒழுங்கையைக் காட்டினேன்.

எங்கள் ஒழுங்கையில் ஆள் இல்லாத வீடுகள் நான்கு. யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கைக்குப் போனாலும் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். முதல் வீட்டுக்காரர் ரொறொன்ரோவில். ஒவ்வொரு வருடமும் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவார். வந்தால் கிணறு இறைத்து, ஓடு மாற்றி, வளவு கூட்டிவிட்டுப் போவார். திறப்பு பக்கத்து வீட்டில் இருக்கும். இரண்டாவது வீடும் நல்ல வீடுதான், கிணற்றில் நல்ல தண்ணீர். ஆனால் அவர்கள் இனி வரப்போவதில்லை; யாராவது பொறுப்பெடுத்தால் சந்தோசம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது, அத்திவாரமும் தூண்களும் எழும்பிய அளவில் நிற்கிறது. சுவிஸில் இருக்கும் தம்பி காசு சேர்ந்ததும் வந்து கட்டுவாராம். நான்காவதும் அதே மாதிரித் தூண்கள். ஆனால் அதைக் கட்ட ஒருவரும் வரப்போவதில்லை. ஒரு தூணின் வெடிப்பில் ஆலங்கன்று முளைத்துவிட்டது.

படலைக்கு வெளியே நின்று பார்த்தால் நான்கும் ஒன்றுதான். பூட்டு, சருகு, துருப்பிடித்த கம்பி. வித்தியாசம் தபால்காரருக்குத் தெரியும். புதிதாக ஊருக்கு வருபவருக்கு எப்படித் தெரியும்?

மென்பொருள் உலகில் இந்த நான்குக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது. ரெப்போஸ்டேட்டஸ் என்ற ஒரு திறந்த வரையறை மொத்தம் எட்டு நிலைகளைப் பிரிக்கிறது. முதல் வீட்டை அது ‘இன்அக்டிவ்’ என்கிறது: பாவிக்கக்கூடிய நிலைக்கு வந்துவிட்டது, புதிதாக ஒன்றும் செய்யப்படவில்லை, நேரம் கிடைக்கும்போது பராமரிப்பு நடக்கும். இரண்டாவது வீடு ‘அன்சப்போர்ட்டட்’: பாவிக்கலாம், ஆனால் எழுதியவர் முற்றாகக் கைவிட்டார், புதிய பராமரிப்பாளர் வந்தால் நல்லது. மூன்றாவது ‘சஸ்பென்டட்’: பாவிக்கக்கூடிய நிலைக்கே வரவில்லை, தற்போதைக்கு நிறுத்தம், தொடரும் எண்ணம் உண்டு. நான்காவது ‘அபான்டன்ட்’: முடிக்கப்படவில்லை, முடிக்கப்படவும் மாட்டாது. மீதி நான்கில் ஒன்று ‘மூவ்ட்’, இடம் மாறிவிட்டது. கடை கோண்டாவிலுக்குப் போய்விட்டது என்று பழைய கதவில் ஒட்டும் தாள் மாதிரி. மற்ற மூன்றும் இயங்கிக்கொண்டிருப்பவைக்கும் இப்போதுதான் முளைப்பவைக்கும் உரியவை, இங்கே வேண்டாம்.

கவனித்தீர்களா, பிரிப்பது இரண்டே கேள்விகள். பாவிக்கக்கூடிய அளவுக்கு வந்ததா? எழுதியவர் திரும்பி வருவாரா? முதலாவதை வெளியில் இருந்து ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். இரண்டாவதற்கு எழுதியவர் வாய் திறந்தால்தான் உண்டு. கொமிட் திகதி, பிடித்தவர்கள் போட்ட நட்சத்திரங்களின் எண்ணிக்கை, இஷ்யூ கணக்கு, எதை வைத்தும் இரண்டாவதை ஊகிக்க முடியாது.

ஊகித்தால் எவ்வளவு பிழைக்கும் என்பதற்கு டெக் ஓர் உதாரணம். கணிதக் கட்டுரைகள் அச்சுக் கோப்பதற்காக டொனால்ட் நூத் எழுதிய மென்பொருள் அது. அதன் பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பை என்ற எண்ணை நோக்கி ஒரு இலக்கம் நீளும். 2021 இல் 3.141592653 ஆனது. புதிய வசதி சேர்ப்பதில்லை என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். தான் இறந்த பிறகு பதிப்பு எண்ணைப் பை என்றே வைத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு மிஞ்சும் பிழைகள் எல்லாம் அம்சங்கள் என்றும் எழுதிவைத்திருக்கிறார். பல வருடங்களுக்கு ஒருமுறைதான் அங்கே அசைவு. அதை யாராவது செத்துப்போனது என்பார்களா? அது முடிந்த மென்பொருள். முடிந்ததும் இறந்ததும் வேறு. ஆனால் நூத் சொல்லிவைத்ததால்தான் நமக்கு இது தெரிகிறது.

மறுபக்கம், முடிந்த மென்பொருளும் காலுக்குக் கீழே நிலம் நகர்ந்தால் விழும். என் மாற்றி பைத்தான் 2 இல் எழுதியது. 2020 ஜனவரி 1 உடன் பைத்தான் 2 க்கான ஆதரவு முடிந்தது. நான் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. இருந்தும் புதிய கணினிகளில் என் நிரல் ஓடாமல் போய்விட்டது. 2017 நவம்பரில் பயர்பொக்ஸ் உலாவியின் 57 ஆம் பதிப்பு வந்தபோதும் இதுதான் நடந்தது. பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகள் எல்லாம் ஒரே நாளில் இயங்காமல் போயின. எழுதியவர்கள் இருந்தவை புதிய முறைக்கு மாறின. மற்றவை அப்படியே கிடந்தன.

ஆக, எழுதியவர் தன் நிரலின் நிலையைச் சொல்லி ஒரு பலகை மாட்ட வேண்டும். சரி, அதை எங்கே மாட்டுவது?

முக்கியமான இடம் ரீட்மீ கோப்பின் உச்சி. நிறுவும் முறைக்குக் கீழே இல்லை, கடைசிப் பந்தியில் இல்லை. உச்சியில். வருபவர் முதல் பார்வையில் காண வேண்டும். ஆசிரியைக்குப் பதில் எழுதிய அன்றிரவே நான் எழுதி ஒட்டியதை அப்படியே தருகிறேன்:

“நிலை: கைவிடப்பட்டது. 2016 க்குப் பிறகு நான் இதில் வேலை செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை. பைத்தான் 2.7 இல் மட்டும் ஓடும். தெரிந்த பெரிய பிழை: வெளி, தெளிவு, வெள்ளம் போன்ற சொற்கள் வௌி, தௌிவு, வௌ்ளம் என்று பிழையாக மாறும். இந்தப் பிழை திருத்தப்பட்ட ஃபோர்க்கின் இணைப்பு கீழே இருக்கிறது, அதைப் பாவியுங்கள். இந்த நிரல் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. எடுத்து நடத்த என்னைக் கேட்கத் தேவையில்லை. இங்கே இஷ்யூ பதிந்தால் பதில் வராது.”

எழுத எட்டு நிமிடம் எடுத்தது. இதில் கடைசி வாக்கியத்தைப் பற்றி ஒரு நண்பர் குறைப்பட்டார், கொஞ்சம் கடுமையாக இருக்கிறதாம். இருக்கலாம். ‘முடிந்தால் பார்க்கிறேன்’ என்று எழுதுவது நம் ஊர் மரியாதைக்குப் பொருத்தம்தான். ஆனால் அந்த மரியாதையை நம்பி ஒருவர் ஆறு மாதம் காத்திருப்பார். பார்க்கப்போவதில்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். முதல் வீட்டுக்காரர் மாதிரி வருடத்தில் ஒருமுறையாவது வருவீர்கள் என்றால் அதை எழுதுங்கள். பாதுகாப்புப் பிழைகளை மட்டும் திருத்துவேன், வேறு எதற்கும் நேரம் இல்லை என்பதும் நேர்மையான ஒரு நிலைதான். பலர் அப்படி நடத்துகிறார்கள்.

தெரிந்த பிழைகளைப் பலகையில் எழுதுவதைத்தான் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அதற்குத்தான் பயன் கூட. ‘கைவிடப்பட்டது’ என்று வாசித்தவர்களிலும் பாதிப்பேர் ஒருதரம் ஓட்டிப் பார்ப்போமே என்று ஓட்டிப் பார்ப்பார்கள். ‘வெளி பிழைக்கும்’ என்று வாசித்தவர் நின்று யோசிப்பார்.

ரீட்மீயோடு வேலை முடியாது, ஏனென்றால் எல்லோரும் ரீட்மீக்கு வருவதில்லை. நிறையப் பேர் உங்கள் நிரலைத் தொகுப்பு மேலாளர் மூலம், அதாவது நிரல்களைத் தானே தரவிறக்கி நிறுவித்தரும் கருவி மூலம், நிறுவுகிறார்கள். ரெப்போவைக் கண்ணாலும் காண்பதில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டின் என்பிஎம்மில் டெப்ரிகேட் என்று ஒரு கட்டளை உண்டு. அதில் ஒரு செய்தியை எழுதிவிட்டால் நிறுவும் ஒவ்வொருவர் திரையிலும் அது எச்சரிக்கையாக வரும். பிஎச்பியின் கொம்போசரில் ‘கைவிடப்பட்டது’ என்று குறிக்கலாம், பதிலுக்கு எதைப் பாவிக்கலாம் என்றும் சேர்த்துச் சொல்லலாம். பைத்தானின் தொகுப்பு விபரங்களில் வளர்ச்சி நிலை என்று ஒரு வரிசை இருக்கிறது. அதில் ஏழாவது, கடைசி நிலை ‘இன்அக்டிவ்’. 2025 ஜனவரியில் இருந்து பைத்தான் தொகுப்புகள் கிடைக்கும் பைபிஐ தளத்திலேயே ஒரு திட்டத்தை ஆர்கைவ் செய்யும், அதாவது மூடிவைக்கும், வசதியும் வந்துவிட்டது.

கிட்ஹப்பில் ஆர்கைவ் வசதி 2017 இல் வந்தது. அழுத்தினால் ரெப்போ முழுவதும் வாசிப்புக்கு மட்டும் என்று ஆகிவிடும். மேலே ஒரு பட்டையில் எந்தத் திகதியில் ஆர்கைவ் செய்யப்பட்டது என்றும் காட்டும். புதிய இஷ்யூ பதிய முடியாது, புல் ரிக்குவஸ்ட் அனுப்ப முடியாது. ஃபோர்க் எடுக்கலாம். மனம் மாறினால் திரும்பத் திறக்கவும் முடியும். இதில் பலர் விடும் ஒரு பிழை, ஒன்றும் எழுதாமல் நேராக ஆர்கைவ் பொத்தானை அழுத்திவிடுவது. வாசிப்புக்கு மட்டும் என்றால் உங்களுக்கும்தான். அதற்குப் பிறகு ரீட்மீயில் ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. முதலில் பலகையை எழுத வேண்டும். திறந்து கிடக்கும் இஷ்யூக்களுக்கு ஒரு வரி பதில் போட்டு மூட வேண்டும். அப்புறம்தான் பூட்டு.

இன்னொன்று, உரிமம். உரிமக் கோப்பே இல்லாமல் கிடக்கும் ரெப்போக்கள் ஏராளம். உரிமம் இல்லை என்றால் ‘யாரும் எடுக்கலாம்’ என்று அர்த்தம் இல்லை. பதிப்புரிமைச் சட்டப்படி எல்லா உரிமையும் எழுதியவருக்கே. அவர் போன பிறகு ஒருவரும் சட்டப்படி அதைத் தொட முடியாது. உறுதி இல்லாத காணி மாதிரி. நிறுத்துவதற்கு முன் வேறு எதுவும் செய்யாவிட்டாலும் ஓர் உரிமக் கோப்பைப் போட்டுவிட்டுப் போங்கள்.

பெரிய சமூகங்கள் இதற்கென்று ஏற்பாடுகளே வைத்திருக்கின்றன. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் பராமரிப்பாளர் இல்லாத தொகுப்பை அநாதை என்றே அழைக்கிறார்கள். அநாதையானவை, தத்தெடுக்க ஆள் தேடுபவை, உதவி மட்டும் கேட்பவை, தத்தெடுக்கப்போகிறேன் என்று யாரோ கையுயர்த்தியவை என்று தனித்தனியாகப் பகிரங்கப் பட்டியல் இருக்கும். பல திறந்த மூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளை 2008 இல் அத்திக் என்ற பெயரில் ஒரு பரண் கட்டியது. ஓய்ந்துபோன திட்டங்களின் நிரலும் ஆவணமும் அங்கே போய்ச் சேரும், வாசிக்க எப்போதும் கிடைக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் பிறந்த அனர்த்த முகாமை மென்பொருளான சகானா, முதலில் பிஎச்பியில் எழுதப்பட்டது. பின்னர் ஈடன் என்ற பெயரில் பைத்தானில் புதிதாக எழுதப்பட்டது. அந்த மாதிரி மாற்றங்களில் பழைய வீட்டுக் கதவில் ‘மூவ்ட்’ தாள் ஒட்டுவது அவசியம். அனர்த்த நேரத்தில் பழைய நிரலைத் தரவிறக்கி மினக்கெட ஒருவருக்கும் நேரம் இருக்காது.

இனி, பராமரிப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்கும் பக்கம். இங்கேதான் கொஞ்சம் பயப்பட வேண்டிய விசயம் இருக்கிறது: திறப்பை யார் கையில் கொடுப்பது?

ஈவென்ட்ஸ்ட்ரீம் என்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு. எழுதியவர் அதைப் பாவிப்பதை எப்போதோ விட்டுவிட்டார், ஆனால் ஆயிரக்கணக்கான நிரல்கள் அதில் தங்கியிருந்தன. 2018 இல் அறிமுகமில்லாத ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார், ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று. இவரும் நல்ல மனதோடு கொடுத்துவிட்டார். புதியவர் கொஞ்ச நாளில் வேறொரு தொகுப்பை உள்ளே நுழைத்தார். கோபே என்ற பிட்கொயின் பணப்பையில் இருந்து திருடுவதற்கான நிரல் அதற்குள் இருந்தது. அந்த வருடம் நவம்பரில்தான் விசயம் வெளியே வந்தது.

அதைவிட நிதானமாக நடந்தது எக்ஸ்இசட் விவகாரம். லினக்ஸ் உலகம் முழுவதும் பாவிக்கும் சுருக்கக் கருவி. பராமரிக்க ஒரே ஒருவர், அதுவும் களைத்துப்போன ஒருவர். ஜியா டான் என்ற பெயரில் 2021 இல் இருந்து ஒருவர் ஒழுங்காகத் திருத்தங்கள் அனுப்பி நல்ல பெயர் எடுத்தார். இடையில் வேறு சில பெயர்களில் இருந்து, ‘ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது, இன்னொருவரிடம் கொடுக்கலாமே’ என்று பராமரிப்பாளருக்கு நெருக்குதல் வந்தது. கடைசியில் பொறுப்பு ஜியா டானுக்கும் போனது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில், களவாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு வைக்கப்பட்டது. அன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியியலாளர், தன் கணினியில், தொலைவில் இருந்து உள்ளே நுழையப் பாவிக்கும் எஸ்எஸ்எச் இணைப்பு வழமையைவிட அரைச் செக்கன் பிந்துவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு நோண்டியதால் 2024 மார்ச் 29 இல் அது அம்பலமானது. அரைச் செக்கன். வேறு யாராவது என்றால் இன்ரநெற் மந்தம் என்று விட்டிருப்பார்கள்.

இதை வாசித்துவிட்டு ஒருவரிடமும் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று நினைக்காதீர்கள். என்னுடைய கருத்து இது: ஆளைத் தெரியாது என்றால் திறப்பைக் கொடுக்காமல், அவர் ஃபோர்க் எடுத்து வேறு பெயரில் நடத்தட்டும், நீங்கள் உங்கள் பலகையில் அந்த முகவரியை எழுதுங்கள். அப்படிச் செய்தால் மாறுவதா இல்லையா என்பதைப் பாவிப்பவர் தானே பார்த்து முடிவு செய்வார். பழைய பெயரிலேயே கொடுத்தால், உங்களை நம்பியவர்கள் எல்லோரும் தங்களுக்குத் தெரியாமலேயே இன்னொருவரை நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். நெடுநாள் பழக்கம், வேலையும் பார்த்திருக்கிறீர்கள் என்றால் கொடுக்கலாம். அப்போதும் படிப்படியாக: முதலில் இஷ்யூக்களைக் கவனிக்கும் அனுமதி, பிறகு நிரலில் எழுதும் அனுமதி, புதிய பதிப்பு வெளியிடும் உரிமை கடைசியாக. கொடுத்ததைப் பகிரங்கமாக அறிவிக்கவும் வேண்டும்.

எழுதியவர் பக்கம் போதும். பாவிப்பவர் என்ன செய்யலாம்?

மாணவி காட்டிய அந்தக் கருவிக்குப் பலகை இல்லை. நாங்கள் முதலில் பார்த்தது திறந்து கிடக்கும் இஷ்யூக்களை. கடைசியாக யாருக்காவது பதில் கிடைத்ததா? இல்லை. பிறகு ஃபோர்க் பட்டியல். அதில் எதிலாவது அண்மைய கொமிட் இருக்கிறதா? ஒன்றில் இருந்தது. பிறகு இந்தக் கருவி எதைத் தொடுகிறது என்று பார்த்தோம். கடவுச்சொல், வலையமைப்பு, பணம் என்று தொட்டால், ஆறு வருடமாகப் பராமரிப்பு இல்லாத நிரலைப் பக்கத்திலும் எடுக்கக்கூடாது. இது இணைப்பே இல்லாமல் கணினிக்குள் உரையை மட்டும் மாற்றுவது. பிழைத்தால் எழுத்துத்தான் பிழைக்கும். கவனமாகப் பாவிக்கலாம்.

பிறகு எழுதியவருக்கு ஒரு கடிதம். அவள் எழுதிய முதல் வரைவு, “இது ஏன் வேலை செய்யவில்லை? எப்போது திருத்துவீர்கள்?” என்று இருந்தது. வீட்டுக்காரர் ஊருக்கு வந்த அன்றே ‘உங்கட வேம்பு எங்கட ஓட்டில விழுகுது’ என்று படலையில் நிற்கிற மாதிரி. மாற்றி எழுதினாள்: பாவித்தேன், உதவியது, நன்றி, இந்தத் திட்டத்தைத் தொடரும் எண்ணம் உண்டா என்று ஒரு வரி சொல்ல முடியுமா, இல்லை என்றால் ரீட்மீயில் சேர்க்க ஒரு குறிப்பு எழுதித்தருகிறேன். பதில் மூன்று நாளில் வந்தது. வேலையெல்லாம் அவளே செய்து அனுப்பினாள், அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். இப்போது அதன் உச்சியில் பலகை இருக்கிறது, பக்கத்தில் அந்த உயிருள்ள ஃபோர்க்கின் முகவரியும்.

நிரல் எழுதத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். பழைய இஷ்யூக்களைப் பார்த்து, ‘இது இன்ன ஃபோர்க்கில் திருத்தப்பட்டிருக்கிறது’ என்று ஒரு பதில் எழுதிவிட்டால் அடுத்து வருபவருக்கு ஒரு நாள் மிச்சம். பணம் அனுப்பலாமா என்று கேட்பார்கள். ஆள் இருந்து நேரம் இல்லாத இடத்தில் பணம் உதவும், குறிப்பாக அந்த நிரலால் சம்பாதிக்கும் கொம்பனிகள் கொடுத்தால். மனமே விட்டுப்போன இடத்தில் காசு அனுப்புவது அவர் தலையில் இன்னொரு கடனை ஏற்றுவதுதான், கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

ஒன்றுமே செய்ய முடியாவிட்டால் ஒரு பிரதியாவது எடுத்து வையுங்கள். சொஃப்ட்வேர் ஹெரிற்றேஜ் என்று, பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016 இல் தொடங்கிய ஒரு நிரல் காப்பகம் இருக்கிறது. ரெப்போவின் முகவரியைக் கொடுத்து, இதைச் சேமியுங்கள் என்று யாரும் கேட்கலாம். உரிமையாளர் நாளைக்குக் கணக்கையே அழித்தாலும் நிரல் அங்கே இருக்கும். 1981 இல் நூலகம் எரிந்த ஊரில், இரண்டாவது பிரதி எதற்கு என்று நான் விளக்கத் தேவையில்லை.

என் மாற்றியை 2022 இலேயே ஆர்கைவ் செய்துவிட்டேன். அதற்கு முன், நான்கு வருடம் காத்திருந்த அந்தப் புல் ரிக்குவஸ்ட்டின் கீழ் ஒரு மன்னிப்பும் ஒரு நன்றியும் எழுதினேன். கனடாக்காரர் பெருவிரலை உயர்த்தி ஒரு படம் மட்டும் போட்டார். அவருடைய திருத்தம் எளிது. ளகரத்துக்குப் பின்னால் ஓர் உயிர்க் குறியோ புள்ளியோ வந்தால் அது உண்மையான ளகரம். இல்லை என்றால் ஔகாரம். ‘வெளி’யும் பிழைக்காது, ‘கௌரி’யும் பிழைக்காது.

ஆனால் சொல்லின் தொடக்கத்தில் வரும் ஔகாரத்தை அவரும் கவனிக்கவில்லை. போன வாரம் கைதடியில் இருந்து வந்த ஒரு பழைய சித்த மருத்துவக் கையேட்டை மாணவி அந்த ஃபோர்க்கில் மாற்றிப் பார்த்தாள். ‘ஔடதம்’ என்று வர வேண்டிய இடமெல்லாம் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக, ‘ஒளடதம்’ என்று வந்திருக்கிறது. இஷ்யூ பதிந்துவிட்டாள். திருத்தத்தையும் தானே எழுதப்போகிறாளாம்.